அமெரிக்க அரசியலைச் சிங்கப்பூரில் இருந்து கட்சி கட்டாமல் பார்ப்பது எப்படி

நாலு வருஷத்துக்கு ஒருமுறை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கூத்து நடக்கும். யீஷூனில் இருக்கும் சித்தப்பாவுக்கு அமெரிக்காவில் ஓட்டு கிடையாது, ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கும் அத்தைக்கும் கிடையாது, ஆனாலும் யாராவது டிரம்ப் பெயரை எடுத்துவிட்டால் போதும், வளைகாப்புப் படங்கள் போட ஆரம்பித்த குழு ரெண்டாகப் பிரிந்து நிற்கும். தீபாவளிக்கு நேரில் பார்க்கும்போதுகூட அந்த முறைப்பு போகாது. யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த அரசியலைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும், ஆனால் அவர்கள் சண்டையை நம் வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று நினைப்பவர்களுக்காக, நான் எப்படிப் பார்க்கிறேன் என்பதை எழுதுகிறேன்.

பார்க்காமலே இருந்துவிடலாமே என்றால் அதற்கும் வழியில்லை. 2013 அக்டோபரில் பட்ஜெட் சண்டையில் அமெரிக்க அரசாங்கம் 16 நாள் முடங்கியது. பாலி ஏபெக் மாநாட்டுக்கும் புருணை உச்சநிலைக் கூட்டத்துக்கும் வர வேண்டிய ஒபாமா பயணத்தையே ரத்து செய்தார். சிங்கப்பூரும் சேர்ந்து வருஷக்கணக்கில் பேசிப் பேசி உருவாக்கிய டிபிபி வர்த்தக ஒப்பந்தத்தில் இருந்து 2017 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்ற சில நாளிலேயே விலகினார். 2004 முதல் நமக்கும் அவர்களுக்கும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடப்பில் இருந்தும், 2025 ஏப்ரலில் நமக்கும் 10 விழுக்காடு வரி என்று அறிவித்தார்கள். அங்கே யார் யாரை ஏன் முறைக்கிறார்கள் என்பது நம் துறைமுகத்துக்கும் வேலைக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

முதலில் கடிகாரத்தைக் கவனியுங்கள்

வாஷிங்டனைவிட நாம் கோடையில் 12 மணி நேரம், குளிர்காலத்தில் 13 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அவர்களுடைய இரவு ஒன்பது மணிப் பேச்சு நமக்குக் காலையில், எம்ஆர்டியில் நின்றுகொண்டோ அலுவலகத்தில் மேலதிகாரிக்குத் தெரியாமலோ பார்க்கும் நேரத்தில் வரும். அப்போது பார்க்காதீர்கள். சாயங்காலம் படியுங்கள். காலையில் கொதித்த பாதி விஷயம் மாலைக்குள் பொய்யென்று தெரிந்திருக்கும், இல்லை ஒன்றுமில்லாமல் போயிருக்கும்.

தேர்தல் நாளுக்கு இது இன்னும் முக்கியம். 2020இல் நவம்பர் 3, செவ்வாய்க்கிழமை வாக்களிப்பு. பைடன் வென்றதாகச் செய்தி நிறுவனங்கள் சொன்னது சனிக்கிழமை, நமக்கு அப்போது ஞாயிறு பிறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இடைப்பட்ட நாட்களில் பென்சில்வேனியாவில் முன்னிலை மாறியதை வைத்துத்தான் நம் குழுக்களில் அத்தனை ஃபார்வர்டு. அந்த மாநிலச் சட்டப்படி தபால் வாக்குகளைத் தேர்தல் நாளுக்கு முன்னால் பிரிக்கவே கூடாது, அதனால் அவை கடைசியில்தான் எண்ணப்பட்டன. அந்த ஒரு வரியை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

சத்தம் போட்டால் யார் கைதட்டுகிறார்கள் என்று பாருங்கள்

நம்மில் பலர் அமெரிக்க அரசியலை ஆட்களின் குணத்தை வைத்துப் பார்க்கிறோம். இவன் திமிர் பிடித்தவன், அவள் நல்லவள், இவர் கிழவர். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. நல்லவரையும் கத்தவைக்கும் ஏற்பாடு ஒன்று அங்கே இருக்கிறது, அதன் பெயர் பிரைமரி.

இங்கே யாரை எந்தத் தொகுதியில் நிறுத்துவது என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்கிறது. தேநீர்ச் சந்திப்புக்குக் கூப்பிட்டுப் பேசி, பல சுற்று அலசி, கடைசியில் வெள்ளைச் சட்டை மாட்டி அறிமுகப்படுத்துவார்கள். அங்கே தலைமைக்கு அந்த அதிகாரம் கிடையாது. கட்சியின் வேட்பாளர் யார் என்பதை அந்தத் தொகுதி வாக்காளர்களே ஒரு முன்தேர்தலில் முடிவு செய்கிறார்கள், அதற்கு வருவது கொஞ்சம் பேர், வருபவர்களில் சூடானவர்கள் அதிகம். கட்டாய வாக்களிப்பும் கிடையாது. 2014இல் வர்ஜீனியாவில் எரிக் கேன்டர் என்பவர், பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர், சபாநாயகருக்கு அடுத்த இடம், டேவிட் பிராட் என்ற ஒரு பொருளியல் பேராசிரியரிடம் பிரைமரியில் தோற்று வீட்டுக்குப் போனார். 2018இல் நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சியின் மூத்த தலைவர்களில் ஒருவரான ஜோ கிரௌலியை 28 வயது அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸ் அதே மாதிரி தோற்கடித்தார். இந்த இரண்டையும் பார்த்த மற்ற உறுப்பினர்கள் என்ன பாடம் படித்திருப்பார்கள்? எதிர்க்கட்சிக்காரனிடம் நாலு வார்த்தை நல்லபடியாகப் பேசிவிட்டால், சொந்தக் கட்சியில் இருந்தே ஒருவன் கிளம்பி வருவான்.

இதோடு தொகுதி எல்லை. பெரும்பாலான மாநிலங்களில் மாநிலச் சட்டமன்றமே கோடு கிழிக்கிறது, சட்டமன்றம் எந்தக் கட்சி கையில் இருக்கிறதோ அந்தக் கட்சிக்குச் சாதகமாக. 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி காலத்திலேயே இது கேலிக்கு ஆளான பழைய வித்தை. கட்சி லாபத்துக்காகக் கோடு கிழிப்பதில் மத்திய நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் 5க்கு 4 என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2025இல் டெக்சஸில் குடியரசுக் கட்சி, வழக்கமான பத்து வருஷம் முடியும் முன்பே, நடுவழியில் தொகுதி வரைபடத்தை மாற்றியது, பதிலுக்குக் கலிஃபோர்னியாவில் ஜனநாயகக் கட்சி மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தித் தன் வரைபடத்தை மாற்றிக்கொண்டது. ஆக, பிரதிநிதிகள் சபையின் 435 தொகுதிகளில் பெரும்பாலானவற்றில் நவம்பர் தேர்தல் சடங்குதான், உண்மையான போட்டி பிரைமரியிலேயே முடிந்துவிடும். இதைப் புரிந்துகொண்டால் ஒரு உறுப்பினர் கேமரா முன்னால் ஏன் அப்படிக் கத்துகிறார் என்று நீங்கள் ஆச்சரியப்பட மாட்டீர்கள். உங்களையோ நாட்டையோ பார்த்து அவர் பேசவில்லை, தன் தொகுதியில் பிரைமரிக்கு வரும் அந்தக் கொஞ்சம் பேரைப் பார்த்துப் பேசுகிறார்.

இந்தக் கட்சிப் பிளவு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அறிய, உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் நியமனத்துக்கு நாடாளுமன்ற மேலவையான செனட் கொடுத்த வாக்குகளைப் பாருங்கள். 1986இல் ஸ்காலியா, தீவிர வலதுசாரி, 98க்கு 0. 1993இல் கின்ஸ்பர்க், இடதுசாரிகளின் நாயகி, 96க்கு 3. 2020இல் பேரட் 52க்கு 48. 2022இல் ஜாக்சன் 53க்கு 47. எனக்கு இதற்கு மேல் விளக்கப்படம் தேவைப்பட்டதில்லை.

“முன்னெல்லாம் ஒத்துமையா இருந்தாங்க” என்பதை அப்படியே நம்பாதீர்கள்

காப்பிக்கடையில் பெரியவர்கள் சொல்வார்கள், ரேகன் காலத்தில் ரெண்டு கட்சியும் உட்கார்ந்து பேசும் என்று. பேசினார்கள்தான். 1983இல் ரேகனும் ஜனநாயகக் கட்சிச் சபாநாயகர் டிப் ஓநீலும் சேர்ந்து ஓய்வூதியத் திட்டத்தைக் காப்பாற்றினார்கள். ஆனால் அதற்கு முந்தைய ஒற்றுமைக்கு ஒரு விலை இருந்தது, அதைக் கொடுத்தவர்கள் கறுப்பின மக்கள். 1964 குடிமை உரிமைச் சட்டத்தை செனட்டில் வாரக்கணக்காக மறித்து நின்றது ஜனநாயகக் கட்சியின் தென்மாநில உறுப்பினர்கள். அந்த முட்டுக்கட்டையை 71க்கு 29 என்று உடைத்தபோது, குடியரசுக் கட்சியின் 33 பேரில் 27 பேர் ஆதரவு, திரட்டியவர் அந்தக் கட்சியின் செனட் தலைவர் எவரெட் டர்க்சன். இரண்டு கட்சிக்குள்ளும் எல்லா வகை ஆட்களும் கலந்து கிடந்ததால்தான் அது முடிந்தது, அந்தக் கலவையால்தான் அதுவரை அத்தனை வருஷம் முடியாமலும் இருந்தது. 1950இல் அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் ஒரு குழு, இரு கட்சிகளுக்கும் போதுமான வித்தியாசம் இல்லை, வாக்காளர் தேர்ந்தெடுக்கத் தெளிவான மாற்று வேண்டும் என்று அறிக்கையே எழுதியது. கேட்டது கிடைத்துவிட்டது!

தலைவரை எப்படி எடை போடுவது

என்னிடம் இருப்பது ஒரே கேள்விதான்: தன் கூட்டம் கேட்க விரும்பாத எதை, அந்தக் கூட்டத்தின் முகத்துக்கு நேராக இவர் சொன்னார்? எதிரியைத் திட்டுவது கணக்கில் வராது, அதற்குச் சம்பளமே கொடுக்கிறார்கள்.

2008 அக்டோபர், மினசோட்டாவில் லேக்வில் என்ற ஊர். ஒபாமாவை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் தோற்றுக்கொண்டிருக்கும் நேரம். ஒபாமாவைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை என்று சொன்னதற்கு அவருடைய ஆட்களே கூச்சல் போட்டார்கள். அப்புறம் ஒரு அம்மா மைக்கைப் பிடித்து, ஒபாமாவை நம்ப முடியாது, அவர் அரபு ஆள் என்றார். மெக்கெய்ன் தலையை ஆட்டிக்கொண்டே மைக்கை வாங்கி, இல்லையம்மா, அவர் கண்ணியமான குடும்பஸ்தர், குடிமகன், எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு, அவ்வளவுதான் என்றார். அந்தப் பதிலிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அரபு ஆள் என்றால் கண்ணியமானவராக இருக்க முடியாதா என்ன? அரபு ஸ்திரீட் பக்கத்திலேயே நாம் பிரியாணி சாப்பிடுகிறவர்கள், நமக்கு அது உடனே உறைக்கும். இருந்தாலும் ஓட்டு தேவைப்பட்ட நேரத்தில், ஓட்டு போட வந்தவர்களிடம் சொன்னார்.

1974 ஆகஸ்ட் 7 இன்னொன்று. பேரி கோல்ட்வாட்டர், ஹியூ ஸ்காட், ஜான் ரோட்ஸ், மூவரும் குடியரசுக் கட்சிக்காரர்கள், வெள்ளை மாளிகைக்குப் போய், வாட்டர்கேட் ஊழலில் சிக்கியிருந்த சொந்தக் கட்சி அதிபர் நிக்சனிடம் செனட்டில் உங்களுக்கு ஆதரவு இல்லை என்று சொன்னார்கள். மறுநாள் இரவு நிக்சன் விலகுவதாக அறிவித்தார், 9ஆம் தேதி போய்விட்டார்.

இப்போது அப்படிச் சொல்பவருக்கு என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2021 ஜனவரி 6 நாடாளுமன்றக் கட்டடக் கலவரத்துக்குப் பின் டிரம்ப்பைப் பதவிநீக்க விசாரணைக்கு அனுப்ப வாக்களித்த குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் 10 பேர். நாலு பேர் அடுத்த தேர்தலில் நிற்கவே இல்லை. நாலு பேர் பிரைமரியில் தோற்றார்கள், அதில் ஒருவர் முன்னாள் துணை அதிபரின் மகள் லிஸ் செனி. திரும்பி வந்தது இரண்டு பேர், ஒருவர் கலிஃபோர்னியா, இன்னொருவர் வாஷிங்டன் மாநிலம். இரண்டிலும் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே பிரைமரியில் நிற்கிறார்கள், முதல் இரண்டு பேர் நவம்பருக்குப் போகிறார்கள். இதை மட்டும் வைத்து அந்த முறைதான் மருந்து என்று சொல்லிவிடாதீர்கள், அதே வாஷிங்டன் மாநிலத்தில் அதே முறையில் தோற்றவரும் அந்தப் பத்தில் ஒருவர்.

மற்றப் பக்கத்துக்கும் இதே அளவுகோல்தான். 2024இல் பைடன் விவாதத்தில் தடுமாறியதை உலகமே பார்த்தது. பதவியில் இருக்கும் ஜனநாயகக் கட்சிப் பிரதிநிதி ஒருவர், டெக்சஸைச் சேர்ந்த லாயிட் டாகெட், விலகுங்கள் என்று முதலில் வெளிப்படையாகச் சொல்ல ஜூலை 2 வரை ஆனது. பைடன் விலகியது ஜூலை 21. டாகெட்டுக்கு என் புள்ளியைக் கொடுத்துவிடுவேன், மற்றவர்கள் அத்தனை நாள் எங்கே இருந்தார்கள் என்றும் கேட்பேன்.

கட்சியை எதிர்த்து நின்ற எல்லோரையும் வீரர் என்று சொல்லவும் கூடாது. ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜோ மான்சின் 2021இல் சொந்தக் கட்சி அதிபரின் பெரிய திட்டத்தை நிறுத்தினார். துணிச்சல் மாதிரி தெரியும். ஆனால் அவருடைய மேற்கு வர்ஜீனியா மாநிலமோ டிரம்ப்புக்கு அள்ளிக் கொடுத்த மாநிலம், பைடனை எதிர்ப்பதில் ஊரில் அவருக்கு நஷ்டம் இல்லை. யாருடைய கைதட்டலை இழக்கிறார் என்று பார்க்க வேண்டும், கட்சித் தலைமையுடையதா, ஓட்டுப் போடுபவர்களுடையதா என்று.

வீடியோவை விட்டு வாக்குப்பதிவைப் பாருங்கள்

பலர் சொல்லும் அறிவுரை, ரெண்டு பக்க டிவியையும் பார், நடுநிலை வந்துவிடும். வராது. ரெண்டு மடங்கு தலைவலிதான் வரும். அதற்குப் பதில் பிரதிநிதிகள் சபை எழுத்தரின் இணையத்தளத்துக்குப் போங்கள், ஒவ்வொரு வாக்கெடுப்பும் அங்கே இருக்கிறது, இலவசம். மேலே மசோதா எண், கீழே கட்சிவாரியாக ஆதரவு, எதிர்ப்பு, வந்தும் எந்தப் பக்கமும் சேராதவர், வாக்களிக்காதவர், அதற்கும் கீழே பெயர் பெயராக. நான் முதலில் தேடுவது கட்சிக் கோட்டைத் தாண்டியவர்களின் பெயர்களை. 2023 அக்டோபர் 3இல் சபாநாயகர் கெவின் மெக்கார்த்தி 216க்கு 210 என்று பதவி இழந்தபோது, அவரைக் கவிழ்த்த சொந்தக் கட்சிக்காரர்கள் 8 பேர்தான். மொத்தச் சபையையும் எட்டுப் பேர் ஆட்டிவைக்க முடியும் என்பது அந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிடும். திருத்தங்கள், நடைமுறைத் தீர்மானங்கள் எல்லாம் பெரும்பாலும் கட்சி வாரியாகத்தான் போகும், அவற்றில் நேரம் போக்காதீர்கள். கடைசி நிறைவேற்ற வாக்கெடுப்பைப் பாருங்கள்.

பார்த்தால் இன்னொன்றும் தெரியும். 2018இல் சிறைச் சீர்திருத்தச் சட்டம் செனட்டில் 87க்கு 12. 2021இல் உள்கட்டமைப்புச் சட்டம் 69க்கு 30, குடியரசுக் கட்சியினர் 19 பேர் ஆதரவு. 2022இல் சில்லு உற்பத்திக்கான சட்டம் 64க்கு 33, அதற்கு நம் உட்லண்ட்ஸ், பாசிர் ரிஸ் பக்கம் சில்லு ஆலையில் வேலை பார்ப்பவர்கள் கவனம் செலுத்தியிருப்பார்கள். இவற்றில் எதற்கும் நம் குழுவில் ஒரு ஃபார்வர்டுகூட வரவில்லை. சண்டை இல்லாத செய்தியை யார் அனுப்புவார்கள்.

காரசாரமான பேச்சு வீடியோ வந்தால் அந்த நேரம் சபையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள். 1984இல் குடியரசுக் கட்சியின் நியூட் கிங்ரிச்சும் அவருடைய கூட்டாளிகளும் வேலை நேரம் முடிந்த பிறகு, எதிர்க்கட்சிக்காரர்கள் பதில் சொல்ல முடியாமல் வாயடைத்து உட்கார்ந்திருப்பது போன்ற தோரணையில் பேசிக்கொண்டே இருந்தார்கள். கேமரா பேசுபவரை மட்டுமே காட்டும். கடுப்பான சபாநாயகர் ஓநீல் கேமராவைச் சுற்றிக் காட்டச் சொன்னார், பார்த்தால் காலி நாற்காலிகள். பத்து வருஷத்தில் கிங்ரிச் சபாநாயகர் நாற்காலிக்கே வந்துவிட்டார் என்பது வேறு கதை.

“நம்ம ஆளு” என்று வரும்போது

இது நமக்கே உரிய வியாதி. மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தில் கமலா ஹாரிஸுக்காகப் பூஜை நடந்தது, கோயில் நன்கொடையாளர் கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது, தாத்தா ஊர். சந்தோஷம்தான். ஆனால் விவேக் ராமசாமியும் தமிழ் பேசும் குடும்பம், அவர் எதிர்க்கரையில், குடியரசுக் கட்சியில் நிற்கிறார். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் ஜனநாயகக் கட்சியின் இடது ஓரம், ராஜா கிருஷ்ணமூர்த்தி அதே கட்சியில் நடுப்பக்கம். பூர்வீகத்தை வைத்து ஆதரவு கொடுப்பதென்றால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டி வரும். மேலே சொன்ன கேள்வியை இவர்களிடமும் கேளுங்கள், கொஞ்சம் கூடுதல் கறாராகவே கேளுங்கள், ஏனென்றால் நமக்கு மனம் இளகும்.

குடும்பக் குழுவில் எப்படி நடந்துகொள்வது

ஃபார்வர்டுக்கு ஃபார்வர்டால் பதில் சொல்லாதீர்கள். பெரியவர்களிடம் “தப்பு மாமா” என்று ஆரம்பித்தால் அதோடு பேச்சு முடிந்தது, மரியாதையும் போனது. “இது எந்த ஓட்டெடுப்புல நடந்தது மாமா, நானும் பாக்கறேன்” என்று கேட்டுப் பாருங்கள். பாதி நேரம் பதிலே வராது, வந்தால் உங்களுக்கும் ஒரு விஷயம் தெரிந்ததாகும்.

அங்கேயே வாழும் சொந்தக்காரர்களை மட்டும் தனியாக வையுங்கள். நமக்கு இது ஒரு மேட்ச். நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சானுக்கு அப்படி இல்லை. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 100,000 டாலர் கட்டணம் என்று அறிவித்தபோது நம் குழுவில் மீம் போட்டுச் சிரித்தார்கள், அவன் வேலை மாற நினைத்துக்கொண்டிருந்த நேரம். அப்படிப்பட்டவனைக் குழுவில் வைத்து வம்புக்கு இழுக்காமல், தனியாகக் கூப்பிட்டு “மச்சான், இது உன்னைப் பாதிக்குதா?” என்று கேளுங்கள். டிவியில் ஒரு வாரம் உட்கார்ந்தாலும் கிடைக்காத விவரம் அந்தப் பத்து நிமிஷத்தில் கிடைக்கும்.

“நம்ம ஊர்ல இப்படியெல்லாம் நடக்குமா” என்ற பெருமையையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். நம் ஏற்பாடு வேறு, அதனால் நம் பிரச்சினைகளும் வேறு. ஆனால் கோபத்தைக் கிளப்பும் வீடியோவை முன்னால் தள்ளும் செயலி அங்கேயும் இங்கேயும் ஒன்றேதான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், 435 பேரையும் பார்க்க வேண்டாம், ஒருவரைப் போதும். அந்த மச்சான் குடியிருக்கும் இடத்தின் அஞ்சல் குறியீட்டை வாங்குங்கள், பிரதிநிதிகள் சபையின் தளத்தில் போட்டால் அந்தத் தொகுதி உறுப்பினர் யார் என்று வரும். அவருக்குப் பிரைமரியில் எதிர்ப்பு இருக்கிறதா, எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது, அது வந்த பிறகு அவர் பேச்சு மாறுகிறதா, வாக்கு மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள். பிரைமரிகள் மாநிலத்துக்கு மாநிலம் மார்ச்சில் தொடங்கி செப்டம்பர் வரை நடக்கும். 2026 இடைக்காலத் தேர்தல், அதாவது அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் தேர்தல், நவம்பர் 3, செவ்வாய். அத்தனை பிரதிநிதிகள் சபை இடங்களும் செனட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும் அன்றைக்கு வாக்களிப்புக்கு வரும். நமக்குப் புதன் காலை ஏழு மணிக்கு முதல் வாக்குச்சாவடிகள் மூடும். வேலைக்குப் போய்விட்டு வந்து பாருங்கள்.